படத்தில் விழுந்த வெயில்

போன வருடம், சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து சோழவந்தான் போகும் பாதையில், ஒரு கண்மாயை ஒட்டிய தென்னந்தோப்பில் நடந்தது இது. உச்சி தாண்டிய நேரம். ஆற்றில் இறங்கிய கூட்டமெல்லாம் வீடு திரும்பிவிட, வெயில் மட்டும் போக இடமில்லாமல் ஊருக்குள் நின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. கண்மாய் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தென்னை மட்டைகள்கூட அசையவில்லை.

நாங்கள் மூன்று பேர். தோப்புக்குச் சொந்தக்காரர் என் கல்லூரித் தோழர், ஜவுளி வியாபாரம். இன்னொருவர் கோச்சடையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் இருவரையும்விட வயதில் கொஞ்சம் இளையவர். மூன்றாவது நான். ஆனையூரில் வீடு, ஓர் அலுவலகத்தில் வேலை, ஞாயிறானால் காலில் சக்கரம். எங்களைச் சேர்த்து வைத்தவை பறவைகள் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். சரியாகச் சொன்னால், பறவைகளைத் தூரத்திலிருந்து இழுத்துவந்து கண்ணுக்குள் உட்கார வைக்கும் டெலி லென்ஸ்கள்தான் சேர்த்து வைத்தன. மாதத்தில் ஒரு ஞாயிறு தோப்பில் கூடுவோம். எடுத்த படங்களைப் பார்ப்போம். பேசுவோம். கொஞ்சம் விஸ்கி இருக்கும். கொஞ்சம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அன்றைக்கு டைல்ஸ் கடைக்காரர் விடியும் முன்பே வந்து, கண்மாய்ப் பக்கம் தனியாகச் சுற்றிவிட்டு, பிறகுதான் தோப்புக்குள் வந்திருந்தார். புதிதாக வாங்கிய அறுநூறு எம்.எம். லென்ஸைத் தோப்பு அறையின் கட்டிலில் ஒரு துண்டு விரித்துப் படுக்க வைத்திருந்தார். ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். எங்களுக்கு வேர்த்தது. லென்ஸுக்கு வேர்க்கவில்லை.

"பச்சப்புள்ளையக் கெடத்துன மாதிரி கெடத்திருக்கானே. எந்திரிச்சா பால் கேக்குமா?" என்றார் தோப்புக்காரர், மூன்று கிளாஸ்களிலும் ஐஸ் போட்டுக்கொண்டே.

"சிரிங்கண்ணே, சிரிங்க. இன்னிக்கி அது போட்ட படத்தப் பாத்தீங்கன்னா எந்திரிச்சு நின்னு கும்புடுவீங்க."

"தூரத்த இன்னும் இழுக்க கன்வெர்ட்டர் மாட்டி எடுத்தியா?"

"சீச்சீ. நல்ல விஸ்கியில சோடாவ ஊத்துற மாதிரிண்ணே அது. அளவு கூடும், சரக்கு செத்துரும்."

"அப்ப நம்ம மாப்ள வச்சிருக்க ஜூம் லென்ஸு?"

"அது குவாட்டர் பாட்டிலு. கைக்கு அடக்கம், காலையில தலவலி."

நானும் சிரித்தேன். என் ஜூம் லென்ஸைப் பற்றி என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது. அதோடு எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். இலக்கம் இலக்கமாக, கண்ணாடி கண்ணாடியாக, ஒளி எப்படி உருண்டு உள்ளே விழுகிறது, பின்னணி எப்படிக் கரைகிறது என்று ஆண்கள் குழந்தைகளாகிப் பேசும் பேச்சு. மட்டன் சுக்கா ஆறிக்கொண்டிருந்தது. விஸ்கி நன்றாக இருந்தது. பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. வாயில் வைத்தால் புகை, தொண்டையில் தேன். நான் அப்போதுதான் முதல் கிளாஸில் இரண்டு மடக்குக் குடித்திருந்தேன்.

அவர் டேப்லெட்டைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தார்.

ஒரு மாம்பழச்சிட்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவி. பெயரில் இருக்கும் மாம்பழத்தின் நிறம்தான் உடம்பிலும். இரண்டு கொப்புகள் பிரியும் கவட்டில், சிலந்தி நூலால் இழைத்த கிண்ணம் போல ஒரு கூடு. கூட்டின் விளிம்பில் தாய்ப்பறவை இரண்டு சிறகுகளையும் அகல விரித்து நிற்கிறது. சிறகுகளுக்குக் கீழே, இறகு முளைக்காத, கண் திறக்காத மூன்று குஞ்சுகள். சிறகின் ஒவ்வோர் இழையிலும் வெயில் ஊடுருவி, பறவையே உள்ளிருந்து எரிவது போல மஞ்சளாகத் தெரிந்தது. பின்னால் ஒன்றுமில்லை. வெறும் பச்சைக் குழம்பு, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

தோப்புக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "ஏய்... என்னடா இது."

"தலைப்பு வச்சாச்சுண்ணே. 'தாய்மை'. போட்டிக்கு அனுப்பப்போறேன். நாளைக்கும் போகணும், ஆணும் கூட நிக்கிற படம் இன்னும் சிக்கல."

"ஆகா," என்று என் வாயிலிருந்தும் வந்தது. வந்த பிறகுதான் கண் வேலை செய்தது.

பறவையின் அலகு திறந்திருந்தது. பாடுவதற்காகத் திறந்த வாய் இல்லை அது. நாய் நாக்கைத் தொங்கப்போடுமே, அந்த மாதிரி இரைக்கும் வாய். சிறகின் நிழல் நேராகக் கீழே, கத்தியால் கீறியதுபோல விழுந்திருந்தது. அப்படியானால் வெயில் நேராகத் தலைக்கு மேலே இருந்து இறங்குகிறது. இலைகளைத் தாண்டாமல், எதுவும் தடுக்காமல். நான் படத்தைப் பெரிதாக்கினேன். மதுரைச் சீமையில் சித்திரை வெயிலுக்கு நேராகத் தலையைக் கொடுத்துக் கூடு கட்டுகிற குருவி இருக்கிறதா? இறகில்லாத குஞ்சுகளை இப்படித் திறந்த சட்டியில் போட்டு வைக்குமா? படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே ஒரு கொப்பின் முனை. சாய்வாக, வழவழப்பாக, ஈரம் காயாத வெளிர் நிறத்தில். கத்தரி பட்ட வெட்டு.

"கொப்ப வெட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"லேசா க்ளீன் பண்ணேண்ணே. ரெண்டு கொப்பு. இலை எல்லாம் முன்னாடி வந்து மறைச்சிச்சு. ஃபோகஸ் போயி இலையிலயே நிக்குது."

க்ளீன். இந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். படம் எடுப்பவர்களுக்கு இலை ஒரு குப்பை. முள் ஒரு குப்பை. பறவை தன் பிள்ளையைக் காக்கத் தேர்ந்தெடுத்த மறைவு முழுவதும் குப்பை. ஒரு செடி வெட்டும் கத்தரி பையில் இருந்தால் போதும்.

"எப்ப?"

"இன்னிக்கிக் காலையிலதான். வெட்டிவிட்டுட்டு உக்காந்தேன். மொதல்ல அது சும்மா வந்து ஊட்டிட்டு ஊட்டிட்டுப் போச்சு. வெயிலு ஏற ஏறத்தான் இந்த மாதிரிச் செறக விரிச்சுச்சு. அந்த ஒரு மொமெண்டுக்குத்தாண்ணே காத்துக் கெடந்தேன்."

அவர் குரலில் குற்றம் துளியும் இல்லை. மழைக்குக் காத்திருந்து மழை வந்த விவசாயியின் மகிழ்ச்சி. எனக்குக் காதோரம் சூடானது. இவர் வெட்டியதால் வெயில் விழுந்தது. வெயில் விழுந்ததால் அது சிறகை விரித்தது. சிறகை விரித்ததால் இவருக்குப் படம் கிடைத்தது. அதற்குப் பெயர் தாய்மை.

"அந்தப் பறவை போஸ் குடுக்கலப்பா. பிள்ளைக வெந்துறக் கூடாதுன்னு கொடை புடிச்சு நிக்கிது. இந்நேரமும் நிக்கிதோ இல்ல விழுந்திருச்சோ. எந்திரிங்க. வெட்டுன கொப்ப எடுத்து மேல கட்டிட்டு வந்துருவோம்."

"இப்பயா?" என்றார் அவர்.

"ஊத்துனத முடிச்சிட்டுப் போவோம் மாப்ள," என்றார் தோப்புக்காரர். "வெயிலு தாழட்டும்."

"வெயிலு தாழ்ந்த பெறகு எதுக்கு நெழலு?"

"குருவிதானே மாப்ள. கண்மாயச் சுத்தி எம்புட்டுக் குருவி இருக்கு. நீ ஏன் இம்புட்டு வேகுற?"

என் தோழர் கெட்டவர் இல்லை. ஆனால் வயிற்றில் விஸ்கி இறங்கிய நல்லவர், வெயிலில் இறங்கமாட்டார். நான் டைல்ஸ் கடைக்காரரைப் பார்த்தேன். "நீங்க வர வேணாம். கூடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் போறேன்."

அவர் கிளாஸை மெதுவாகச் சுழற்றினார். ஐஸ் கண்ணாடியில் மோதும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு.

"அது எப்பிடிண்ணே சொல்ல முடியும்? கூடு இருக்க எடத்த யாரும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நம்ம வாட்ஸப் குரூப்புல ரூல் போட்டது யாரு?"

நான்தான் போட்டேன். கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் மறுநாளே பத்துக் கேமராக்கள் வந்து நிற்கும், பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்பதற்காக நான்தான் அந்த விதியை எழுதி, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். பறவைக்குப் போட்ட வேலியை இப்போது எனக்குப் போட்டுவிட்டார். தோப்புக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டுனியா மாப்ள. ஒன் ரூலு ஒன்னையே கடிக்குது பாரு."

காரணம் அந்த விதி இல்லை என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையிலும் அங்கே போக வேண்டும் அவருக்கு. ஆண் பறவையும் சேர்ந்து நிற்கும் படம் இன்னும் கிடைக்கவில்லை. நான் போய் இலையை மூடிவிட்டால் மறுபடியும் க்ளீன் பண்ண வேண்டும்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவர்கள் சிரிப்பார்கள். குடித்துவிட்டுக் கத்துகிறான் என்பார்கள். நான் டேப்லெட்டைக் கையில் எடுத்து மற்ற படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கோபம் ஒரு விசித்திரமான கண்ணாடி. அது வரைக்கும் தெரியாததெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எல்லாப் படத்திலும் பின்னணி கரைந்து கிடந்தது. அந்தக் கரைசலுக்காகத்தான் இவ்வளவு பெரிய லென்ஸ். 'பேக்ரவுண்டு வெண்ணெய் மாதிரி' என்று பீற்றிக்கொள்வார்கள். ஆனால் வெண்ணெய்க்கும் நிறம் உண்டு. ஓரத்தில் தெரிந்த சிவப்பு வெறும் சிவப்பாக இல்லை. ஒரு படத்தில் லென்ஸ் கொஞ்சம் விலகியிருந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மங்கலான நான்கைந்து பட்டைகள். என்னதான் உருக்கினாலும் காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடித்த கோயில் சுவரை உருக்க முடியாது.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரே ஒரு சுவர்தான். கண்மாய் மடையை ஒட்டி இருக்கும் கருப்பசாமி கோயில். தோப்பிலிருந்து நடந்து போகிற தூரம்.

டேப்லெட்டை வைத்துவிட்டு எழுந்தேன். கொப்பைக் கட்டி நிறுத்த ஏதாவது கம்பு வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தேன். சுவரோரம் அவருடைய ட்ரைபாடு நின்றது. மூன்று கால்களையும் இறுக்கிக்கொண்டு, கன்னங்கரேலென்று, எதற்கும் கலங்காத ஆள் மாதிரி. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே! அண்ணே, அது கார்பன் ஃபைபர்ண்ணே!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்மாய்க் கரையில் ஏறிய பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. அறை வாசலில் கழற்றிப் போட்டது அப்படியே கிடக்கிறது. திரும்பிப் போனால் கோபம் பாதியாகிவிடும் என்று பயமாக இருந்தது. நடந்தேன். கரை மண் தோசைக்கல்லாகக் கிடந்தது. புல் இருக்கும் இடமாகப் பார்த்துக் காலை வைத்தால் புல்லும் சுட்டது, அதற்குள் முள்ளும் இருந்தது. வாயில் விஸ்கியின் புகை இன்னும் இருந்தது, துப்பினேன். தோல் தடித்த ஐம்பது வயதுக் கால் இது. இறகில்லாத ஒரு முதுகை நினைத்துப் பார்த்தேன். அரைப் பலம் எடைகூட இல்லாத ஒரு உடம்பு. அதற்கு மேலே விரிந்த சிறகு, அது எத்தனை நேரம் விரிந்திருக்கும்? கை தூக்கி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை எப்படிக் கெஞ்சும் என்று.

பின்னாலிருந்து குரல். "ஏய் மாப்ள, நில்லுடா! கிறுக்குப்பயலே, செருப்பப் போட்டுக்கிட்டுப் போடா!" தோப்புக்காரர். ஒரு கையில் என் செருப்பு, தலையில் துண்டு, வயிறு குலுங்க ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். செருப்பை என் முன்னால் போட்டார். மூச்சு வாங்கியது. "வாரேன், நானும் வாரேன். ஒன்னைய எல்லாம் தனியா விட்டா எங்கிட்டாவது விழுந்து கெடப்ப." அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது.

கோயிலுக்குப் பின்னால், தேடத் தேவையே இல்லாமல், அந்த இளம் வேப்பமரம் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கன்னத்தை மழித்ததுபோல் வெறிச்சென்று இருந்தது. அடியில் கொப்புகள் கிடந்தன. இரண்டு என்றார். ஒரு ஆள் கைநிறைய அள்ளும் அளவுக்குக் கிடந்தன. காலையில் பச்சையாக இருந்த இலைகள் இப்போது சுருண்டு, தொட்டால் நொறுங்கின. மரத்தில் ஒரு சன்னல் வெட்டி வைத்திருந்தான். சூரியன் அந்தச் சன்னல் வழியாக நேராகக் கூட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுவரை டைல்ஸ் கடைக்காரரை 'அவர்' என்றுதான் எழுதிவந்தேன். இந்த இடத்துக்கு மேல் அப்படி எழுத வரவில்லை.

தாய்ப்பறவை இன்னும் நின்றுகொண்டிருந்தது. படத்தில் பார்த்த அதே நிலையில் இல்லை. ஒரு சிறகு இறங்கியிருந்தது. உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. எங்களைப் பார்த்ததும் பறக்க மனமில்லாமல், பக்கத்துக் கொப்புக்குத் தத்திப் போய் உட்கார்ந்து, வறண்ட குரலில் கத்தியது. கூடு என் நெஞ்சுக்குச் சற்று மேலே இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு குஞ்சு அசையவே இல்லை. இன்னொன்று கூட்டின் விளிம்பில் கழுத்தைப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது. அதன் தோல் ஏற்கெனவே இறுகியிருந்தது. மூன்றாவது மட்டும், என் தலையின் நிழல் மேலே விழுந்ததும், தாய் வந்துவிட்டது என்று நினைத்து, கண் திறக்காத அந்த முகம் முழுவதையும் வாயாக்கித் திறந்தது.

என்னைப் பார்த்துத் திறந்தது. ஒன்றுமில்லாத என்னைப் பார்த்து.

தோப்புக்காரரும் எட்டிப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தார். நான் ட்ரைபாடின் கால்களை முழு உயரத்துக்கும் இழுத்து மரத்தடியில் ஊன்றினேன். கீழே கிடந்தவற்றில் இலை அடர்ந்த கொப்பாகப் பார்த்து அதன் உச்சியில் நிறுத்தினோம். அவர் பிடித்துக்கொள்ள, நான் கட்டினேன். காய்ந்த இலை உதிர்கிறது என்று, பின்பக்கத்திலிருந்து ஒரு வேப்பங்கொப்பைப் பக்குவமாக வளைத்து இழுத்து அதோடு சேர்த்துக் கட்டினோம். கூட்டின் மேல் நிழல் விழுந்தது. பொத்தல் பொத்தலாக, அரைகுறையாக, ஆனாலும் நிழல். உடனே விலகிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாய் வராது. மடையின் சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தோம். என் கையெல்லாம் வேப்பிலைச்சாறு, மண், வியர்வை.

அப்போதுதான் அவன் வந்தான். தோளில் அந்த லென்ஸ் மாட்டிய கேமரா. முகம் சிவந்திருந்தது. "என்னண்ணே இது? என் ட்ரைபாட எடுத்துட்டு வந்து பந்தக்கால் நட்டு வச்சிருக்கீங்க. வெலை தெரியுமா ஒங்களுக்கு?"

"ரெண்டு செத்துப்போச்சு," என்றேன்.

"எது?"

"குஞ்சு. மூணுல ரெண்டு செத்துப்போச்சு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் முகத்தில் ஏதோ ஓடியது. நான் அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை அவன் உள்ளே விடவில்லை. "இயற்கைண்ணே. எல்லாக் கூட்டுலயும் நடக்குறதுதான். காக்கா தூக்கும், பாம்பு முழுங்கும். நீங்க என்னமோ நான் கழுத்தத் திருகுன மாதிரிப் பேசுறீங்க."

"காக்கா பசிக்குத் தூக்கும். நீ எதுக்கு வெட்டுன?"

"ஓகோ. அப்பிடி வாரீங்களா. கட்டில் மேல தட்டு நெறையச் சுக்கா இருக்கு, பாதி நீங்க தின்னதுதான். ஆட்டுக்கு அழுகல, குருவிக்கு மட்டும் அழுகையா? இந்த லந்தெல்லாம் எங்கிட்ட வேணாம்ண்ணே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. பல இரவுகள் யோசித்துப் பார்த்துவிட்டேன். பதில் இல்லை என்பதால் கோபம் குறையவும் இல்லை. அது இன்னும் கெட்டியாகித்தான் போனது. நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். தோப்புக்காரர் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் வாய மூடுங்கடா. ஆத்தாக்காரி வாராளா இல்லையான்னு பாக்கணும். கத்திக்கிட்டே இருந்தா அவ எப்பிடி வருவா?"

அதுதான் அப்போதைய கேள்வி. தாய் திரும்பி வருமா? ட்ரைபாடையும் துண்டையும் பார்த்து மிரண்டு போய்விட்டால், மூன்றாவதும் போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் இருந்த இடத்திலிருந்து வெறும் கண்ணுக்குக் கூடு தெரியவில்லை. கிட்டே போகவும் முடியாது. அவ்வளவு தூரத்தைக் கடந்து பார்க்க அங்கே இருந்த ஒரே கண் அவனுடைய அறுநூறு எம்.எம். என் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "அதுல பாத்துச் சொல்லு."

அவன் மடைச்சுவரில் லென்ஸை வைத்து, கண்ணை ஒட்டினான். வெயில் மூன்று பேர் முதுகிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. கருப்பசாமியின் அரிவாளில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கறுத்திருந்தன. எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம்.

"பக்கத்துக் கொப்புல இருக்கு," என்றான் அவன் மெல்ல.

பிறகு, "அப்பனும் வந்துருச்சு. வாயில ஒரு பச்சப்புழு."

பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. தோப்புக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியாமல்.

"ஆத்தா கூட்டுக்கு வந்துருச்சுண்ணே. உள்ள குனியிது... வாயத் தொறக்குது. ஒண்ணு வாயத் தொறக்குது. அப்பன் ஊட்டுது."

அவன் குரல் நடுங்கியது. அந்த ஒரு நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், அவனை மன்னித்துவிட்டேன். தோளில் கை வைக்கப் போனேன்.

சடசடசடசட.

ஷட்டர். நிறுத்தாமல். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தான். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில். காலையிலிருந்து அவனுக்குக் கிடைக்காத படம். தோளை நோக்கிப் போன என் கை திசை மாறியது. லென்ஸின் முன்பக்கம் போய், அந்தப் பெரிய, வட்டமான, யாருடைய மூச்சும் படாமல் காத்து வைத்திருந்த கண்ணாடியில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். வேப்பிலைச்சாறும் மண்ணும் வியர்வையுமாக. அழுத்தி, ஒரு முறை தேய்க்கவும் செய்தேன்.

அவன் போட்ட அலறலில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. "அய்யோ! கண்ணாடிண்ணே! கண்ணாடி!" சட்டையைக் கழற்றப் போனான், பிறகு சட்டைத்துணி கீறிவிடும் என்று பதறி விட்டுவிட்டு, வாயால் ஊதினான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இரண்டு குஞ்சுகள் செத்துப்போச்சு என்று சொன்னபோது வராத தண்ணீர். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. கொஞ்சம்கூட அழகில்லாத, கறுத்த ஒரு திருப்தி.

அதற்கு மேல் நாங்கள் மூவரும் சேர்ந்து உட்காரவில்லை. தோப்புக்காரர் அன்றைக்குச் சாயங்காலமே சவுக்குக் கம்புகளைக் கொண்டுபோய் நட்டு, தென்னங்கீற்றால் கூட்டுக்கு மேலே ஒரு தடுக்குப் போட்டுவிட்டு, ட்ரைபாடை அவன் கடைக்கு அனுப்பி வைத்தார். மறு வாரக் கடைசியில் எனக்கு போன் செய்தார். "மாப்ள, கூடு காலி."

"பறந்துருச்சா? ஏதும் தூக்கிருச்சா?"

"தெரியலடா. ஆனா பக்கத்துல பெரிய வேம்பு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள ஆத்தாவும் அப்பனும் புழுவத் தூக்கிட்டுப் போறதும் வாரதுமா இருக்குதுக. எதுக்கோ ஊட்டுதுக. எல ரொம்ப அடர்த்தி. எதுக்குன்னு தெரியல."

"தெரிய வேணாம்," என்றேன். "எட்டிப் பாக்காத."

"பாக்கலடா. பாக்காமத்தான் சொல்றேன்."

'தாய்மை' வெளியே வந்தது. இணையத்தில் அவன் பக்கத்தில் போட்டான். பாராட்டு குவிந்தது. கூப்பிய கைகள், சிவப்பு இதயங்கள், 'கண்ணீர் வந்துவிட்டது சார்' என்று எத்தனையோ பேர். அடுத்த நாள் இன்னொரு படம்: ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில், மேலே கட்டிய கொப்பின் நிழல் விழ. அதன் கீழே, 'வெயிலில் தவித்த கூட்டுக்கு நிழல் அமைத்துக் கொடுத்தோம்' என்று எழுதியிருந்தான். கொடுத்தோம். அதைப் படித்த அன்று நான் போனைத் தூக்கிச் சுவரில் எறியப் போனேன். மனைவி வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உண்மையை எழுதிப் போட்டால் என்ன என்று கேட்டாள். எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன், அதில் என் கோபம்தான் பெரிதாகத் தெரிந்ததே தவிர அந்தக் குஞ்சுகள் தெரியவில்லை. அதையும் அழித்தேன். யார் பெயரும் இல்லாமல், இப்போதுதான் சொல்கிறேன்.

தோப்புக்குப் போகிறேன், மாதம் ஒரு முறை. நானும் தோழரும் மட்டும். விஸ்கி இருக்கிறது, லென்ஸ் பேச்சு குறைந்துவிட்டது. படம் எடுப்பதை விட்டுவிட்டாயா என்று பலர் கேட்கிறார்கள், விடவில்லை. எடுத்த படங்களில் பாதியில் இலை மறைக்கிறது. மறைக்கட்டும். கோபம் ஆறிவிட்டதா என்று மனைவி சில சமயம் கேட்பாள். ஆறவில்லை. ஆறக்கூடாது என்றும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. யாராவது ஆசையாக ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும், 'ஆகா' என்று சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், இந்த வெளிச்சத்தை உள்ளே விடுவதற்கு எதை வெட்டினார்கள் என்றுதான் என் கண் இன்றைக்கும் ஓரங்களில் போய்த் தேடுகிறது.